அமெரிக்காவுல மருந்து விலையைக் குறைக்க ஸ்டேட்கள் என்ன பண்றாங்க? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

தமிழ்ச் சங்கத்துலயும் சரி, பிள்ளைங்க தமிழ் ஸ்கூல் வாசல்லயும் சரி, "நியூஸ்ல மருந்து விலை குறைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் குறையல"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா பாதி பாதி சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். அவசரம்னா உங்களுக்கு வேண்டியதை மட்டும் படிங்க, ஆனா செல்ஃப் ஃபண்டட் பத்தின பதிலை மட்டும் விட்டுடாதீங்க, பாதி குழப்பம் அங்கதான் இருக்கு.

ஒரே மாத்திரை, இந்தக் கடையில ஒரு விலை, எதிர்க் கடையில ஒரு விலை. இந்த நாட்டுல விலை நிர்ணயம் பண்ண ஆளே இல்லையா?

நம்ம ஊர்ல மாதிரி அட்டையில எம்ஆர்பி அடிச்சு வர்ற கதை இங்க கிடையாது. மருந்து கம்பெனி ஒரு லிஸ்ட் விலை வைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் நடுவுல இருக்கிற பிபிஎம்ங்கிற கம்பெனி மூலமா ரகசியமா தள்ளுபடி பேசி வச்சிருக்கும். கடைக்காரரும் கேஷ் விலைன்னு தனியா ஒண்ணு வச்சிருப்பாரு. அதனால ஒரே மருந்துக்கு நாலு பேர் நாலு விலை குடுத்துட்டு வெளிய வருவாங்க, நாலும் சட்டப்படி சரிதான்.

லிஸ்ட் விலைய ஏத்துறதுக்கு பொதுவான தடை எதுவும் இல்லாததால என்ன ஆச்சுன்னு பாக்கணும்னா ஹ்யூமலாக் இன்சுலினை எடுத்துக்கங்க. 1996ல ஒரு குப்பி 21 டாலர், 2019ல கிட்டத்தட்ட 275 டாலர். உள்ள இருக்கிற மருந்து அதே மருந்துதான். இந்த மாதிரி ஏத்தம்தான் ஸ்டேட்களை ஒவ்வொண்ணா சட்டம் போட வச்சுது.

இதெல்லாம் வாஷிங்டன்ல பண்ண வேண்டிய வேலை இல்லையா? ஸ்டேட்டுக்கு என்ன பவர் இருக்கு?

பெரிய சாவி ஃபெடரல் கையிலதான் இருக்கு. பேட்டன்ட், புது மருந்துக்கு எஃப்டிஏ குடுக்கிற அனுமதி, மெடிகேர் எல்லாமே அவங்களோடது. 2022ல வந்த ஃபெடரல் சட்டம் மெடிகேர்ல இருக்கிறவங்களுக்கு இன்சுலினை மாசம் 35 டாலர்னு ஆக்குச்சு, 2026 ஜனவரில இருந்து 10 மருந்துகளுக்கு மெடிகேர் பேரம் பேசின விலையும் நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா மெடிகேர்ங்கிறது முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கு. வேலைக்குப் போற நம்ம வயசு ஆளுங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது.

ஸ்டேட் கையில இருக்கிறது வேற. தன் எல்லைக்குள்ள விக்கிற இன்சூரன்ஸ் பிளானுக்கு விதி போடலாம், ஃபார்மசிக்கும் பிபிஎம்முக்கும் லைசென்ஸ் விதி போடலாம். குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான மெடிகெய்ட்லயும், ஸ்டேட் ஊழியர்களுக்கும், ஜெயில்ல இருக்கிறவங்களுக்கும் தானே மருந்து வாங்குறதால அங்க பேரம் பேசலாம். நீங்க கேள்விப்படுற ஸ்டேட் சட்டம் எல்லாமே இந்த வழிகள்ல ஏதோ ஒண்ணுலதான் வந்திருக்கும்.

எங்க ஸ்டேட்ல இன்சுலினுக்கு கேப், அதாவது நோயாளி குடுக்கிறதுக்கு உச்சவரம்பு, போட்டுட்டாங்கன்னு பேப்பர்லயே வந்துச்சு. ஆனா என்கிட்ட கவுன்ட்டர்ல நூத்துக்கணக்குல கேக்குறாங்க. ஃபார்மசிகாரன் ஏமாத்துறானா?

பெரும்பாலும் ஏமாத்தல. உங்க பிளான் செல்ஃப் ஃபண்டடா இருக்கும். அதாவது கார்டுல பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி பேரு இருக்கும், ஆனா உங்க ஆஸ்பத்திரி பில்லையும் மருந்து பில்லையும் உண்மையில கட்டுறது நீங்க வேலை பாக்குற கம்பெனியோட சொந்தப் பணம், இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு வழக்கு மட்டும்தான் பாத்துக்குது. 1974ல வந்த எரிசான்னு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு, அதுப்படி இந்த மாதிரி பிளான்ல ஸ்டேட் இன்சூரன்ஸ் சட்டம் கை வைக்க முடியாது. ஸ்டேட் போட்ட கேப் அங்க செல்லாது.

வேலை மூலமா இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவங்கள்ல சுமாரா மூணுல ரெண்டு பங்கு பேர் இந்த வகைதான். பெரிய ஐடி கம்பெனி, பேங்க், பெரிய சில்லறைக் கடை எல்லாம் அனேகமா செல்ஃப் ஃபண்டட். ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேர் அம்பது நூறு பேர் இருக்கிற சின்ன கன்சல்டன்சியில இருக்காங்க இல்லையா, அவங்க பிளான் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட முழுசா வாங்கினதா இருக்கும் (இதுதான் ஃபுல்லி இன்ஷூர்டு), அங்க ஸ்டேட் சட்டம் செல்லும். இது தெரியாமலே நிறைய பேர் அதிகமா கட்டிட்டு வந்துடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

அப்போ என் பிளான் எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல கார்டை எடுத்துப் பாருங்க. டெக்சாஸ்ல இருந்தா கார்டுல டிடிஐ இல்லன்னா டிஓஐன்னு மூணு எழுத்து சின்னதா இருக்கான்னு தேடுங்க, இருந்தா அது ஸ்டேட் கட்டுப்பாட்டுல இருக்கிற பிளான். கொலராடோவுல சிஓ-டிஓஐன்னு இருக்கும். எல்லா ஸ்டேட்லயும் இந்த வசதி கிடையாது.

அடுத்து ஹெச்ஆருக்கு ஒரே வரியில ஈமெயில் போடுங்க: "நம்ம ஹெல்த் பிளான் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா?" இதைக் கேக்க யோசிக்கவே வேண்டாம், சாதாரணமா கேக்குற கேள்விதான், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஃபுல்லி இன்ஷூர்டுன்னு பதில் வந்தா எந்த ஸ்டேட்ல எடுத்த பாலிசின்னும் சேர்த்துக் கேளுங்க, ஏன்னா நீங்க நியூ ஜெர்சியில வீட்ல இருந்து வேலை பாத்தாலும் கம்பெனி டெக்சாஸ்ல பாலிசி எடுத்திருந்தா டெக்சாஸ் விதிதான் வரும். செல்ஃப் ஃபண்டட்னா ஸ்டேட் கேப்பை மறந்துடுங்க, ஆனா கீழ சொல்ற வேற வழிகள் உங்களுக்கும் உதவும்.

எந்த ஸ்டேட்ல எவ்வளவு கேப்? எல்லா ஸ்டேட்டும் சொல்ல முடியுமா?

எல்லாத்தையும் சொல்ல முடியாது, வருஷா வருஷம் மாறுது. நம்ம ஆளுங்க அதிகமா இருக்கிற இடங்களை சொல்றேன். முதல்ல ஆரம்பிச்சது கொலராடோ, 2019ல சட்டம் போட்டு 30 நாள் இன்சுலினுக்கு 100 டாலருக்கு மேல நோயாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னாங்க. அதுக்கப்புறம் பாதி நாடு பின்னாடி வந்துச்சு. டெக்சாஸ் 2021ல போட்ட சட்டத்துல 30 நாளைக்கு 25 டாலர்.

நியூ ஜெர்சி 2023ல கையெழுத்தான சட்டத்துல இன்சுலினுக்கு 35, அலர்ஜி அவசரத்துக்குப் போடுற எபிபென் ஊசிக்கு 25, ஆஸ்துமா இன்ஹேலருக்கு 50னு மூணையும் சேர்த்துட்டாங்க, பிள்ளைக்கு வீசிங், நட்ஸ் அலர்ஜி இருக்கிற வீட்டுக்கு அது பெரிய உதவி. கலிபோர்னியாவுல 2023ல இதே மாதிரி மசோதா கவர்னர் மேசை வரைக்கும் போயி வீட்டோ ஆச்சு, கடைசில 2025 அக்டோபர்ல கையெழுத்தாச்சு: பெரிய குரூப் பிளான்களுக்கு 2026 ஜனவரில இருந்து 35 டாலர், சின்ன குரூப்புக்கும் தனியா வாங்குறவங்களுக்கும் 2027ல இருந்து. எல்லாமே முந்தின பதில்ல சொன்ன ஃபுல்லி இன்ஷூர்டு பிளானுக்கு மட்டும்தான்.

கேப் போட்டா மருந்து விலை குறைஞ்சதா அர்த்தமா?

இல்ல. நீங்க கவுன்ட்டர்ல குடுக்கிறது குறையுது, மிச்சத்தை இன்சூரன்ஸ் குடுக்குது, அது திரும்ப எல்லாரோட பிரீமியத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வந்து சேரும். கம்பெனி வச்ச லிஸ்ட் விலை அப்படியேதான் இருக்கும். கலிபோர்னியா கவர்னர் 2023ல வீட்டோ பண்ணதுக்கு சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான், கேப் மூல காரணத்தைத் தொடலன்னாரு.

ஆனாலும் கேப் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மாசம் 300 டாலர் ஒரே வீட்டுல இருந்து போறதுக்கும் லட்சம் பேர்கிட்ட இருந்து சில்லறையா போறதுக்கும் வித்தியாசம் இருக்கு, இன்சூரன்ஸ்ங்கிறதே அதுக்குத்தானே. இன்னொண்ணு, ஸ்டேட்கள் குடுத்த அழுத்தமும் சேர்ந்துதான் கம்பெனிகளை நகர்த்துச்சு. கம்பெனிங்க மெடிகெய்ட்டுக்கு குடுக்க வேண்டிய தள்ளுபடிக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜனவரில எடுபடப் போகுதுங்கிறதும் ஒரு காரணம். 2023லயே எலை லில்லி கம்பெனி ஹ்யூமலாக் லிஸ்ட் விலைய 70 சதவீதம் குறைச்சுது.

வேலை போயிடுச்சு, இன்சூரன்ஸும் போச்சு. கேப் எல்லாம் எனக்கு எதுக்கு? மருந்துக்கு என்ன பண்றது?

கேப் உங்களுக்கு உதவாதுங்கிறது சரி, ஆனா இந்த இடத்துக்காகவே சில ஸ்டேட்கள் தனியா வழி பண்ணியிருக்காங்க. மினசோட்டாவுல அலெக் ஸ்மித்னு ஒரு பையன், 26 வயசு ஆனதும் அம்மாவோட இன்சூரன்ஸ்ல இருந்து வெளிய வந்தாரு. இன்சுலினை மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு போட்டு ஒரு மாசத்துக்குள்ள இறந்துட்டாரு, 2017ல. அவங்க அம்மா விடாம போராடினதுல 2020ல அவர் பேர்லயே சட்டம் வந்துச்சு. அதுப்படி தகுதியுள்ள மினசோட்டாவாசி அவசரம்னா வருஷத்துக்கு ஒரு தடவை 30 நாள் இன்சுலினை 35 டாலருக்கு வாங்கலாம், வருமானத் தகுதி இருந்தா ஒரு வருஷத்துக்கு 90 நாளைக்கு 50 டாலர் கணக்குல தொடர்ந்து வாங்கலாம். மருந்தை குடுக்க வேண்டியது கம்பெனியோட பொறுப்பு.

கலிபோர்னியா வேற மாதிரி யோசிச்சுது. ஸ்டேட்டே தன் லேபிள்ல மருந்து விக்கணும்னு கால்ஆர்எக்ஸ் ஆரம்பிச்சாங்க. 2020ல சட்டம், 2023ல சிவிகாங்கிற லாப நோக்கமில்லாத நிறுவனத்தோட 5 கோடி டாலர் ஒப்பந்தம், 2026 ஜனவரி 1ல இருந்து கிளார்ஜின்ங்கிற இன்சுலின் பேனா அஞ்சு இருக்கிற பெட்டி 55 டாலருக்கு கடைக்கு வந்துச்சு. பேனா ஒண்ணு 11 டாலர். இந்த கிளார்ஜின் பெங்களூரு பயோகான் கம்பெனியோடது, லான்டஸ்ங்கிற பிராண்ட் இன்சுலினுக்கு பதிலா கடைக்காரரே குடுக்கலாம். இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னு கேள்வியே இல்ல.

மத்த மருந்துகளுக்கு ஆரேஆர்எக்ஸ்னு ஒரு ஸ்டேட் தள்ளுபடி கார்டு இருக்கு, ஓரிகனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் சேர்ந்து நடத்துறது, நெவாடா, கனெக்டிகட், அரிசோனாவும் சேர்ந்திருக்காங்க, ஃப்ரீ. எதுவும் கிடைக்கிற வரைக்கும் தயவுசெஞ்சு நீங்களா டோஸைக் குறைக்காதீங்க. பெரும்பாலான ஸ்டேட்ல ஃபார்மசிஸ்ட் டாக்டரைப் பிடிக்க முடியாத அவசரத்துல இன்சுலின் ரீஃபில் குடுக்கலாம், போயி நேரா கேளுங்க.

அப்பா அம்மா விசிட்டர் விசாவுல வந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் சுகர், பிபி. இந்த ஸ்டேட் சட்டம் ஏதாவது அவங்களுக்கு வருமா?

விசிட்டர் இன்சூரன்ஸ் ஒரு டிராவல் பாலிசி மாதிரி, அதுல கேப் சட்டம் வராது, ஏற்கனவே இருக்கிற சுகர் பிபிக்கும் பொதுவா கவரேஜ் கிடையாது. கலிபோர்னியால இருந்தா இப்ப சொன்ன 55 டாலர் பேனா இவங்களுக்கும் கிடைக்கும், இங்க உள்ள டாக்டர்கிட்ட ப்ரிஸ்கிரிப்ஷன் மட்டும் வேணும்.

மெட்ஃபார்மின் மாதிரி பழைய ஜெனரிக்குக்கு பயப்படவே வேண்டாம், வால்மார்ட் லிஸ்ட்ல 30 நாளைக்கு 4 டாலர், 90 நாளைக்கு 10 டாலர்னு பல வருஷமா இருக்கு. இந்த நாட்டுல எல்லா மருந்தும் கொள்ளை விலைன்னு நினைச்சு, அப்பா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறதை நான் கேள்விப்பட்டிருக்கேன். தேவையே இல்ல.

அப்போ ஊர்ல இருந்தே மொத்தமா கொண்டு வந்துடலாமே?

விசிட்டரா வர்றவங்க தன் உபயோகத்துக்கு 90 நாள் அளவுக்கு மேல போகாம, கடை அட்டை பிரிக்காம, டாக்டர் சீட்டோட கொண்டு வந்தா பொதுவா பிரச்சனை வராது. இங்கயே குடியிருக்கிறவங்க ஊர்ல இருந்து கொரியர்ல வரவழைக்கிறது வேற, எஃப்டிஏ அனுமதி இல்லாத மருந்தை இறக்குமதி பண்றது சட்டப்படி தப்பு, பார்சல் பிடிபட்டா போனது போனதுதான். இது ஃபெடரல் விதி, உங்க ஸ்டேட் எதுவும் பண்ண முடியாது.

ஸ்டேட்களே இறக்குமதிக்கு முயற்சி பண்ணதும் உண்டு. 2018ல வெர்மான்ட், 2019ல ஃப்ளோரிடா, கனடால இருந்து மொத்தமா வாங்க சட்டம் போட்டாங்க. 2024 ஜனவரில ஃப்ளோரிடாவுக்கு எஃப்டிஏ அனுமதியும் குடுத்துச்சு. ஆனா அனுமதி வாங்கி ஒரு வருஷம் தாண்டியும் ஒரு மாத்திரை வரல. யோசிச்சா காரணம் புரியும், கனடா ஜனத்தொகை சுமார் 4 கோடி, ஃப்ளோரிடா மட்டுமே 2 கோடிக்கு மேல, அவங்க தன் மக்களுக்கு தட்டுப்பாடு வர விடுவாங்களா? கனடா அரசாங்கம் முடியாதுன்னு தெளிவாவே சொல்லிடுச்சு. இந்த வழியில எனக்கு நம்பிக்கை இல்ல.

அப்பாவுக்கு கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, மெடிகேர் எடுத்தாச்சு. இன்னும் மருந்துக்கு நிறைய போகுது. ஸ்டேட்ல ஏதாவது இருக்கா?

இருக்கு, இதைத்தான் நம்ம ஆளுங்க யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. நியூ ஜெர்சியில பிஏஏடின்னு ஒரு திட்டம், 65 வயசு ஆகி வருமானம் ஒரு அளவுக்குள்ள இருந்தா ஜெனரிக் 5 டாலர், பிராண்ட் 7 டாலர், மிச்சம் ஸ்டேட் பாத்துக்கும். வருமான அளவு வருஷா வருஷம் மாறும், ஆனா ஒண்ணுமே இல்லாத ஏழைங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க, அதைவிட நல்லா மேலயே இருக்கு.

நியூயார்க்ல இதே மாதிரி எபிக்னு ஒண்ணு, தனியாள்னா வருஷத்துக்கு 75,000 டாலர் வருமானம் வரைக்கும், கணவன் மனைவின்னா 1,00,000 வரைக்கும் சேரலாம், மெடிகேரோட மருந்துப் பகுதியான பார்ட் டியும் கூட இருக்கணும். பென்சில்வேனியால பேஸ், பேஸ்நெட்னு ரெண்டு திட்டம் லாட்டரி வருமானத்துல நடக்குது, பேஸ் 1984ல இருந்தே இருக்கு. மெடிகேர்லயே பார்ட் டி மருந்துக்கு வருஷத்துக்கு 2025ல 2,000 டாலர், 2026ல 2,100 டாலர்தான் உங்க கைக்காசு வரம்பு, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

பிபிஎம் பிபிஎம்னு எல்லாரும் திட்டுறாங்களே, அவங்க அப்படி என்ன பண்றாங்க?

சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ். இந்த மூணு கம்பெனிதான் நாட்டோட ப்ரிஸ்கிரிப்ஷன்ல கிட்டத்தட்ட 80 சதவீதத்தை கையாளுது. எந்த மருந்து உங்க பிளான்ல இருக்கணும், கடைக்காரருக்கு எவ்வளவு குடுக்கணும், கம்பெனிகிட்ட எவ்வளவு தள்ளுபடி வாங்கணும், எல்லாம் இவங்க முடிவு.

ஓஹாயோவுல நடந்ததைக் கேட்டா புரியும். மெடிகெய்ட் மருந்துக்கு ஸ்டேட் பணம் குடுக்குது, நடுவுல பிபிஎம். சின்ன சின்ன ஊர் ஃபார்மசிங்க எங்களுக்கு வர்ற காசு அடக்க விலைக்கே பத்தலன்னு கதறி ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு இருந்தாங்க, ஆனா ஸ்டேட் செலவு மட்டும் குறையவே இல்ல. அப்ப பணம் எங்க போச்சு? 2018ல ஸ்டேட் ஆடிட்டர் உக்காந்து கணக்கு பாத்தாரு. ஒரு வருஷத்துல பிபிஎம் வாங்கினதுக்கும் கடைக்கு குடுத்ததுக்கும் நடுவுல நின்ன தொகை 22 கோடியே 48 லட்சம் டாலர். ஜெனரிக்ல மட்டும் 31 சதவீதம் நடுவுலயே நின்னிருக்கு. மக்கள் வரிப்பணம் அது.

அதுக்கப்புறம் ஸ்டேட் கேஸ் போட்டுச்சு, 2021ல மெடிகெய்ட் பிளான் நடத்துற சென்டீன்ங்கிற கம்பெனி 8 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல குடுத்து முடிச்சுக்கிச்சு. 2022 அக்டோபர்ல இருந்து ஓஹாயோ மெடிகெய்ட்டுக்கு ஒரே ஒரு பிபிஎம், கணக்கை ஸ்டேட் நேரா பாக்குற மாதிரி மாத்திட்டாங்க. ஸ்டேட் முயற்சிகள்லயே எனக்குப் பிடிச்சது இதுதான், ஏன்னா புதுசா ஒரு தள்ளுபடியும் கேக்கல, கணக்கை மட்டும் திறந்து பாத்தாங்க.

இவ்வளவு தெரிஞ்சும் பிபிஎம்மை ஏன் ஸ்டேட்கள் அடக்க முடியல?

கோர்ட்டுல மாறி மாறி போகுது. அர்கன்சா 2015ல பிபிஎம் கடைக்காரருக்கு அடக்க விலைக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 8-0னு அந்த சட்டம் செல்லும்னுச்சு. எரிசாவைத் தாண்டி ஸ்டேட்டுக்கு கொஞ்சம் இடம் இருக்குன்னு அப்பதான் தெளிவாச்சு. ஆனா ஓக்லஹோமா இன்னும் கொஞ்சம் மேல போயி பிளானோட ஃபார்மசி நெட்வொர்க் எப்படி இருக்கணும்னே சட்டம் போட்டப்ப 2023ல அப்பீல் கோர்ட் முடியாதுன்னுச்சு, 2025ல சுப்ரீம் கோர்ட் அதை எடுத்து விசாரிக்கவே இல்ல. மருந்துக்கு எவ்வளவு குடுக்கணும்னு விதி போட்டா நிக்குது, பிளானோட அமைப்புல கை வச்சா நிக்க மாட்டேங்குது, சுமாரா அதுதான் கோடு.

அர்கன்சா 2025ல ரொம்ப பெரிய அடி எடுத்து வச்சுது, பிபிஎம் சொந்தமா ஃபார்மசி வச்சுக்கவே கூடாதுன்னு. நாட்டுலயே முதல் தடவை. அது 2026 ஜனவரில அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே 2025 ஜூலைல ஃபெடரல் ஜட்ஜ் தடை போட்டுட்டாரு.

மருந்து கம்பெனி இஷ்டத்துக்கு விலை ஏத்தக் கூடாதுன்னு ஒரே சட்டமா போட்டுட்டா முடிஞ்சுது இல்லையா?

போட்டு பாத்தாங்க. 2015ல டாராப்ரிம்னு ஒரு பழைய மாத்திரையை 13.50 டாலர்ல இருந்து ஒரே நாள்ல 750 டாலர் ஆக்கினது ஞாபகம் இருக்கும், ஊரே கொந்தளிச்சுது. அதுக்குப் பின்னாடி 2017ல மேரிலாந்து, பேட்டன்ட் முடிஞ்ச ஜெனரிக் மருந்துகள்ல அநியாய விலையேத்தத்தைத் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு. 2018 ஏப்ரல்ல அப்பீல் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. காரணம், கம்பெனிக்கும் மொத்த வியாபாரிக்கும் நடக்குற விற்பனை மேரிலாந்துக்கு வெளிய நடக்குது, வெளிய நடக்குற வியாபாரத்துக்கு ஒரு ஸ்டேட் விலை சொல்ல முடியாதுங்கிறது.

பேட்டன்ட் இருக்கிற மருந்துன்னா இன்னும் கஷ்டம். வாஷிங்டன் டிசி 2005ல போட்ட சட்டத்தை 2007ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் தள்ளிடுச்சு, பேட்டன்ட் ஃபெடரல் விஷயம்னு. இந்தத் தோல்விகள்ல பாடம் படிச்சுதான் ஸ்டேட்கள் அடுத்த கேள்வியில வர்ற போர்டு வழிக்கு போனாங்க: விக்கிறவன் விலைய விட்டுட்டு, எங்க எல்லைக்குள்ள வாங்குறவன் எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்னு வரம்பு வைக்கிறது.

கொலராடோவுல ஏதோ போர்டு ஒரு ஊசிக்கு விலை வச்சிடுச்சாமே, அது என்ன?

மருந்து விலை தாங்குற அளவுல இருக்கான்னு பாக்குற போர்டு. முதல்ல இதை ஆரம்பிச்சது 2019ல மேரிலாந்து, ஆனா முதல்ல வரம்பு வச்சது கொலராடோ, அங்க 2021ல சட்டம் வந்துச்சு. அஞ்சு மருந்தை எடுத்து விசாரிச்சாங்க. நோயாளிங்க, டாக்டருங்க, கம்பெனி எல்லாரையும் கேட்டாங்க. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான டிரைகாஃப்டாவை நோயாளிக் குடும்பங்களே வந்து தொடாதீங்கன்னு சொன்னாங்க, கம்பெனி வெளிய போயிடுமோன்னு பயம். அதையும் எச்ஐவி மருந்தான ஜென்வோயாவையும் விட்டுட்டாங்க. மூட்டுவாதத்துக்குப் போடுற என்பிரல், அப்புறம் கோசென்டிக்ஸ், ஸ்டெலாரா, மூணும் தாங்க முடியாத விலைன்னு முடிவு பண்ணாங்க.

2025 அக்டோபர்ல என்பிரலுக்கு வரம்பு வச்சாங்க, 50 மில்லிகிராம் ஊசி 600 டாலர், 2027 ஜனவரில இருந்து. வாரம் ஒரு ஊசின்னு மாசம் நாலு, ஆக 2,400. மெடிகேர் பேரம் பேசி 2026க்கு வாங்கின விலை 30 நாளைக்கு 2,355, அதுக்கு முன்னாடி லிஸ்ட் விலை 7,100க்கு மேல, இப்ப கணக்கு புரியுதா? செல்ஃப் ஃபண்டட் பிளானும் விருப்பப்பட்டா இதுல சேரலாம்னு சட்டத்துலயே இருக்கு, அதனால ஹெச்ஆர்கிட்ட இதையும் கேட்டு வைங்க. என்பிரல் தயாரிக்கிற ஆம்ஜென் ஏற்கனவே ஒரு தடவை கோர்ட்டுக்கு போன கம்பெனி, அதனால இது சுலபமா நடந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். நியூ ஹாம்ப்ஷயர் 2025ல தன் போர்டையே கலைச்சிடுச்சு. ஆனா மேரிலாந்து அதே வருஷம் தன் போர்டுக்கு அதிகாரத்தை அதிகமாக்கிச்சு.

தமிழ்நாட்டுல மருத்துவ சேவைக் கழகம் மொத்தமா டெண்டர் விட்டு எவ்வளவு மலிவா வாங்குது! இங்க ஏன் பண்ணக் கூடாது?

நல்ல கேள்வி. 1994ல ஆரம்பிச்ச அந்தக் கழகம் அரசு ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை ஒரே கையா வாங்குது, ஒரே மருந்தை பல கம்பெனி தயாரிக்கிறதால டெண்டர்ல விலை இறங்குது. இங்க பணம் அதிகமா போறது பேட்டன்ட் இருக்கிற பிராண்ட் மருந்துக்கு, விக்கிறது ஒரே கம்பெனி, யாரோட டெண்டர் விடுறது? மெடிகெய்ட்ல பிராண்ட் மருந்துக்கு குறைஞ்சது 23.1 சதவீத தள்ளுபடி சட்டப்படி வருது, ஆனா பதிலுக்கு அந்தக் கம்பெனியோட மருந்தை கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஏத்துக்கணும், வேண்டாம்னு எழுந்து வர முடியாது.

இருந்தும் லூசியானா ஒரு வழி கண்டுபிடிச்சுது. ஹெபடைடிஸ் சி மருந்து 2013ல வந்தப்ப ஒரு மாத்திரை 1,000 டாலர், முழு கோர்ஸ் 84,000. 2019ல ஸ்டேட், அந்த மருந்தை விக்கிற கிலியடோட கிளைக் கம்பெனிகிட்ட அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு: வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகைக்கு மேல குடுக்க மாட்டோம், மெடிகெய்ட்லயும் ஜெயில்லயும் எத்தனை பேருக்கு வேணும்னாலும் மருந்து குடுக்கணும். ஒவ்வொரு நோயாளியும் செலவா தெரிஞ்ச இடத்துல, முடிஞ்ச வரைக்கும் நிறைய பேரைத் தேடிப் பிடிச்சு குணப்படுத்துறதுதான் ஸ்டேட்டுக்கு லாபம்னு ஆயிடுச்சு.

கம்பெனி குடுத்த கூப்பன் கார்டுல மருந்து ஃப்ரீயா வந்துச்சு, திடீர்னு ஜூன் மாசம் முழு விலையும் கட்டச் சொல்றாங்க. என்ன நடந்துச்சு?

கூப்பன் பணத்தை உங்க பிளான் டிடக்டிபிள்ல, அதாவது இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க கட்ட வேண்டிய தொகையில, கணக்கு வைக்கல. கூப்பன் தீர்ந்ததும் உங்க டிடக்டிபிள் முதல் நாள்ல இருந்த மாதிரியே நிக்கும். 2019ல விர்ஜினியாவும் மேற்கு விர்ஜினியாவும் இதுக்கு முதல்ல தடை போட்டாங்க, இப்ப இருபதுக்கு மேல ஸ்டேட்ல தடை இருக்கு. செல்ஃப் ஃபண்டட்னா இங்கயும் அதே கதை. ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கு வரியில்லாம சேமிக்கிற கணக்கு) பிளானா இருந்தா ஃபெடரல் வரி விதி குறுக்க வரும், அந்த பிளான்களுக்கு பல ஸ்டேட்கள் இந்தத் தடையில இருந்து விலக்கு குடுத்திருக்காங்க, அதனால ஜனவரில கூப்பன் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணு. உங்க கோபேவைவிட, அதாவது இன்சூரன்ஸ் கார்டை காட்டி நீங்க கட்டுற பங்கைவிட, கேஷ் விலை கம்மியா இருக்கலாம். முன்னாடி அதை ஃபார்மசிஸ்ட் சொல்லவே கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டு வாயைக் கட்டி வச்சிருந்தாங்க, பல ஸ்டேட்கள் அதைத் தடை பண்ண, 2018 அக்டோபர்ல ஃபெடரலும் தடை பண்ணிடுச்சு. ஆனா நீங்க கேட்டாதான் சொல்லுவாங்க. "இன்சூரன்ஸ் இல்லாம எவ்வளவு?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. கேஷ்ல கட்டினா டிடக்டிபிள்ல பொதுவா சேராது, அதையும் யோசிச்சுக்கங்க.

உடம்பு குறையுற ஊசிக்கு ஏதாவது ஸ்டேட் உதவி பண்ணுதா?

இப்போதைக்கு எதிர்த் திசையிலதான் போகுது. நார்த் கரோலினா ஸ்டேட் ஊழியர் பிளான் 2024 ஏப்ரல்ல எடை குறைக்க மட்டும் போடுறதுக்கு கவரேஜை நிறுத்துச்சு, கலிபோர்னியா மெடிகெய்ட் 2026 ஜனவரில நிறுத்துச்சு. சுகருக்குன்னா தொடருது. செலவு தாங்கலங்கிறதுதான் காரணம்.

நான் இன்னும் ஹெச்1பிதான், ஓட்டு கிடையாது. நான் கேட்டு என்ன ஆகப் போகுது?

உங்க பிளான் ஃபுல்லி இன்ஷூர்டா இருந்து, ஸ்டேட் கேப் இருந்தும் அதிகமா வாங்கினா, ஸ்டேட் இன்சூரன்ஸ் துறைக்கு புகார் போடலாம், அதுக்கு சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. புகார் போட்டா இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்துல பதில் சொல்லியே ஆகணும், போன்ல நாலு மணி நேரம் தொங்குறதைவிட இது மேல். ரசீது, கார்டோட ரெண்டு பக்கம், எந்த தேதியில எவ்வளவு கட்டினீங்கங்கிறது, மூணும் இருந்தா போதும்.

முன்ன சொன்ன போர்டு கூட்டங்கள் பொதுவானது, ஆன்லைன்லயே நடக்குது, பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குறாங்க. அங்க பேசுறதுக்கும் ஸ்டேட் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுறதுக்கும் ஓட்டு வேண்டாம். கம்பெனி சார்பா பேச சம்பளத்துக்கு ஆள் எப்பவும் இருக்கும், மாசா மாசம் கவுன்ட்டர்ல கட்டுற ஆளுங்க பக்கம்தான் வர்றவங்க கம்மி. உங்க வீட்டுல யாருக்காவது போர்டு விசாரிக்கிற மருந்து போகுதுன்னா, எவ்வளவு கட்டுறீங்க, எந்த மாசம் எதை விட்டுட்டு இதை வாங்கினீங்கன்னு ரெண்டு நிமிஷம் சொல்லுங்க.